பெரிய வியாழன்: பாதம் கழுவ 12 பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி (கத்தோலிக்கக் கோயில் குழுவான பங்குப் பேரவையின் செயலர்):
இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்துப் பெரிய வியாழனன்று சாமியார் 12 பேரின் பாதம் கழுவுவார். இந்த ஆண்டு அந்தச் சடங்குக்கு ஆள் பிடிக்கும் வேலை என் தலையில். வழக்கமாக நன்கொடை கொடுத்தவர், ஒப்பந்தக்காரர், பேரவையின் பழைய ஆட்கள்தான். எல்லாரும் வீட்டிலேயே சோப்பு போட்டுத் தேய்த்து, பவுடரும் பூசி வருவார்கள். சாமியார் ஊற்றும் தண்ணீர் தாம்பாளத்தில் தெளிவாகவே கிடக்கும். பெயர் விட்டுப்போனால் சண்டை வேறு. கோயில் கூட்டும் அம்மாவைச் சேர்க்கலாமா என்றேன், "பெண்ணா?" என்றார்கள். விதி என்ன?

பதில் 1:
தாராளமாகச் சேர்க்கலாம். ஆண்கள் மட்டும் என்ற விதியை 2016 ஜனவரியில் வத்திக்கான் மாற்றிவிட்டது. அதற்கு முன்பே, 2013இல், திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் காசல் தெல் மார்மோ சிறார் சிறைக்குப் போய் 12 பேரின் பாதங்களைக் கழுவினார். அதில் இரண்டு பெண்கள். உங்கள் பேரவையைக் கேட்டிருந்தால் விட்டிருக்குமோ என்னவோ!

பதில் 2:
யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் வெளியே போவது பாதம் கழுவிய பிறகுதான், அவன் பாதமும் கழுவப்பட்டது. அதனால் ஒப்பந்தக்காரரை விரட்ட வேண்டாம், அவரும் இருக்கட்டும். எங்கள் பங்கில் அன்பியத்துக்கு (அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் சிறு குழு) ஒருவர் என்று சீட்டுக் குலுக்குகிறோம். போன முறை மீன் வெட்டுகிறவர் வந்தார், கணுக்காலில் செதிலோடு.

கேள்வி கேட்டவர்:
சரி, சீட்டையே பேரவையில் வைக்கிறேன். அந்த அம்மா, "வரேன் சார், ஆனா சிந்துற தண்ணிய நான்தானே துடைக்கணும்" என்கிறார். மாப்பைத் துணைத்தலைவர் கையில் கொடுக்கச் சொல்லிச் சாமியாரிடம் பேச வேண்டும்.