எலக்ட்ரோஸ்பின்னிங், பேட்ச்: தமிழில் என்ன சொல்வது?

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். தோல் மருந்தியல் செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'எலக்ட்ரோஸ்பன் பேட்ச்', அதாவது மின்சாரத்தால் இழுத்த நுண்ணிழைகளாலான, தோலில் ஒட்டும் மருந்துத் துணி, வரும் இடமெல்லாம் காலியாகக் கிடக்கிறது. செய்முறை இது: பாலிவினைல் ஆல்கஹால் என்ற, நீரில் கரையும் பாலிமரை நூற்றுக்குப் பத்து எடை வீதம் தண்ணீரில் போட்டு, 90 டிகிரிச் சூட்டில் கட்டியில்லாமல் கலக்க வேண்டும். ஆறியபின் மருந்தைச் சேர்த்து சிரிஞ்சில் ஏற்றி, மணிக்கு 0.5 மில்லி வீதம் தள்ள வேண்டும். ஊசிக்கும் எதிரே உள்ள அலுமினியத் தாளுக்கும் 15 செ.மீ. இடைவெளி; 15 கிலோவோல்ட். துளி கூம்பாகி, நுனியிலிருந்து தாரை பீறிட்டு, சாட்டைபோல் சுழன்று உலர்ந்து, சில நூறு நானோமீட்டர் பருமனுள்ள இழையாகத் தாளில் படியும். சில மணி நேரம் ஓடினால் வெள்ளைத் துணிபோல உரித்தெடுக்கலாம். 'மின்னிழை ஒட்டு' என்று போடலாமென்று பார்க்கிறேன். நிற்குமா?

இயற்பியல் ஆசிரியர்:
நிற்காது. மின்னிழை என்றால் மாணவருக்கு குண்டு பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் கம்பிதான். நோயாளியோ ஷாக் அடிக்குமோ என்று பயப்படுவார். ஒட்டைச் செய்யும்போதுதான் மின்சாரம் உண்டு. தோலில் ஒட்டிய பிறகு துளியும் இல்லை. 'மின்' வினையோடு சேரட்டும், பொருளோடு வேண்டாம்.

தமிழாசிரியர்:
வினை என்றால் நூற்றல்தான். மின் + நூற்பு = மின்னூற்பு. நன்னூலில் பவணந்தியார் சொல்வதைப் பாருங்கள்: 'பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாக'. சொல் பஞ்சு, பனுவல் இழை, புலவன் நூற்கும் பெண், வாய் கை, மதி கதிர். ஒரே வெண்பாவில் நூற்புத் துறைச் சொற்கள் அத்தனையும் அடங்கிவிட்டன. கதிர் என்பது ஸ்பிண்டில். இவ்வளவு கையில் இருக்க வெளியே எதற்குத் தேட வேண்டும்? புறநானூற்றில் 'பருத்திப் பெண்டின் பனுவல்' என்று வரும் இடத்தில் பனுவல் பஞ்சையே குறிக்கும். இந்த ஒட்டும் பஞ்சுபோல மெத்தென்று இருக்குமென்றால் 'மின்பனுவல்' என்றே சொல்லிவிடலாம்.

ஜவுளிப் பொறியாளர்:
ஐயா, பனுவல் வேண்டாம். இன்று அது புத்தகம். மின்னூற்பிலும் அதே தொல்லை: 'மின்னூல்' என்பது ஏற்கெனவே இ-புக். அந்த வேரிலிருந்து வந்ததென்றுதான் படிப்பார்கள். இன்னொன்று, நூற்பாலையில் கதிர் சுழன்று முறுக்கு ஏறினால்தான் அது நூல். இங்கே கதிரும் இல்லை, முறுக்கும் இல்லை. மின்புலம் இழுக்கிறது, அவ்வளவுதான். இழைகள் தாறுமாறாக விழுந்து படிகின்றன; நெசவும் இல்லை.

தமிழாசிரியர்:
மரக்கூழிலிருந்து இழை எடுக்கும் விஸ்கோஸ் ஆலையில், கரைசலைத் துளைத்தட்டு வழியாகப் பிதுக்குவதையும் நூற்பு என்றுதானே சொல்கிறீர்கள்? அங்கே கதிர் எங்கே?

ஜவுளிப் பொறியாளர்:
ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் 'மின்புல நூற்பு'. சந்திச் சிக்கல் இல்லை, இ-புக் குழப்பமும் இல்லை, இழுப்பது எது என்றும் தெரிகிறது. துணைச் சொல் ஒன்றும் கேட்கிறேன். கரைசல் நீர்த்துப்போனால், சங்கிலி மூலக்கூறுகள் போதுமான அளவு பின்னிக்கொள்ளாமல், இழையில் மணி கோத்ததுபோல முடிச்சு முடிச்சாக வரும். இதை 'மணிக்கோப்பு' என்கிறேன். காற்றில் ஈரப்பதம் ஏறினால் இழை உலராமல் வந்து விழுந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்கு 'பிசுக்கு' போதும்.

இயற்பியல் ஆசிரியர்:
மணிக்கோப்பு நன்று. ஊசிமுனைக் கூம்பை 'டெய்லர் கூம்பு' என்றே விடுங்கள். ஜெஃப்ரி டெய்லர் 1964இல் அதன் அரைக்கோணத்தை 49.3 பாகை என்று கணக்கிட்டார். ஆள்பெயரைத் தமிழாக்க வேண்டியதில்லை.

சித்த மருத்துவர்:
எல்லோரும் செய்முறையிலேயே நிற்கிறீர்கள். நோயாளி கையில் வாங்குவது பேட்ச். சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில் பற்று உண்டு, கட்டு உண்டு, களிம்பு உண்டு, சீலையும் உண்டு. சீலை என்பது மருந்து ஏற்றிய துணி, புண்மேல் போடுவது. நீங்கள் தேடுவது அதுவேதான். 'நூற்புச் சீலை' என்று வையுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, தென்மாவட்டத்தில் சீலை என்றால் புடவை. 'பற்று' வைக்கலாமா?

சித்த மருத்துவர்:
பற்று அரைத்துப் பூசுவது. சுக்குப் பத்து போடுகிறோமே, அது. காய்ந்தால் உதிரும். இது துணியாகவே வருகிறது. அர்த்தம் மாறிவிடும்.

தமிழாசிரியர்:
துணி என்றதும் பொருநராற்றுப்படை நினைவுக்கு வருகிறது: 'நோக்கு நுழைகல்லா நுண்மைய பூக்கனிந்து அரவுரி அன்ன அறுவை'. கண்ணுக்கு இழை தெரியாத, பாம்புச் சட்டை போன்ற துணி. நானோ இழைக்கு இதைவிடப் பொருத்தமான வரி ஏது? 'அறுவை' என்றே...

சித்த மருத்துவர்:
தோல் மருந்துக் கையேட்டில் அறுவையா? கத்தி என்றுதான் படிப்பார்கள். அந்த 32இல் அறுவையும் ஒன்று, அது கத்தி வைப்பதுதான்.

மருந்தாளுநர்:
பெயர் எதுவானாலும் ஒன்று தெளிவாக இருக்க வேண்டும். பாலிவினைல் ஆல்கஹால் ஒட்டு வியர்வை பட்டாலே கூழாகும். குளுட்டரால்டிஹைட் ஆவி காட்டிக் குறுக்குப் பிணைப்பு ஏற்றினால், அதாவது மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்தால், தாங்கும். அந்த ஆவியின் எச்சத்தை நீக்காவிட்டால் தோல் எரியும். பாலிகேப்ரோலாக்டோன் என்ற வேறு பாலிமர் என்றால் நீரில் கரையாமல் நிற்கும். இழையின் மேற்பரப்பில் தங்கிய மருந்து முதல் சில மணி நேரத்திலேயே கொட்டிவிடும். ஊசிக்குள் ஊசி வைத்து, மருந்தை நடுவிலும் பாலிமரை உறையாகவும் நூற்றால் அது தணியும். எனவே 'கரையும் ஒட்டு', 'கரையா ஒட்டு' என்ற பிரிவு அட்டையிலேயே தெரிய வேண்டும். 'ஒட்டு' என்றால் அடைமொழி எளிதாகச் சேரும்.

மொழிபெயர்ப்பாளர்:
நாளை கோப்பு போயாக வேண்டும். செய்முறைக்கு 'மின்புல நூற்பு', பொருளுக்கு 'மருந்திழை ஒட்டு', குறைக்கு 'மணிக்கோப்பு' என்று போடுகிறேன். நால்வர் சரி என்றிருக்கிறீர்கள்.

சித்த மருத்துவர்:
ஐந்தாவது ஆளின் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டு என்பது பசையைச் சொல்கிறது. மருந்து பசையில் இல்லை, துணியில் இருக்கிறது. சொல்லடைவில் 'சீலை' என்று ஒரு வரியாவது இருக்கட்டும்.