உலுருவைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்றால் எதைக் கொடுத்தார்கள்? நம் காணிக் கோரிக்கைக்கு அது உதவுமா?

ஹட்டன் வாசகர்:
உயர்தர மாணவர்களின் விவாதத்துக்காகக் கேட்கிறேன். 1985இல் அவுஸ்திரேலியாவின் உலுரு பாறை, அங்குள்ள பழங்குடிகளான அனங்கு மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் இன்றும் அது தேசியப் பூங்கா. அப்படியானால் உரிமை யாருக்கு? "நிலம் எங்கள் தெய்வம்" என்ற வாதத்தைச் சட்டம் எப்படி ஏற்றது? வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி கேட்கும் மலையகத் தோட்டத் தமிழரான நாமும் அதையே சொல்லலாமா?

காணிச்சட்டம்:
உறுதி அனங்கு மக்களுடையது. 1985 ஒக்டோபர் 26 அன்று கையளித்த கையோடு, 99 ஆண்டுக் குத்தகைக்குப் பூங்கா நிர்வாகத்துக்கே திரும்பிப் போனது. பாறையில் ஏறும் வழி, அனங்கு மரபுக் கதைகளில் வரும் மாலா மூதாதையர் நடந்த வழி. ஏறாதீர்கள் என்று அவர்கள் கேட்டும் தடை வந்தது 2019 ஒக்டோபர் 26 அன்றுதான். உறுதி கையில் இருந்தும் 34 ஆண்டு.

தெய்வ வாதத்துக்கு வருகிறேன். 1971இல் வட பிராந்தியத்தின் இன்னொரு பழங்குடியான யோல்ங்கு மக்கள் நில உரிமை வழக்கில் தோற்றார்கள். மக்கள்தான் நிலத்துக்கு உரியவர்களாகத் தெரிகிறார்கள், நிலம் அவர்களுடைய சொத்தாகத் தெரியவில்லை என்றார் நீதிபதி. அதன்பிறகு வந்த 1976 வட பிராந்தியச் சட்டம், ஒரு புனிதத் தலத்துக்கு முதன்மையான ஆன்மீகப் பொறுப்புள்ள குடிவழிக் குழுவையே பாரம்பரிய உரிமையாளர் என்றது. கிடைப்பது விற்க முடியாத உறுதி. ஆனால் அந்தப் பிராந்தியத்துக்கு மட்டும்.

மற்ற இடங்களுக்கு, பழங்குடிகளின் வழக்காற்று நில உரிமையை ஏற்ற 1992 மாபோ தீர்ப்பை ஒட்டி வந்த 1993 சட்டம். இங்கேதான் பலர் விழுகிறார்கள். பிரிட்டிஷ் ஆட்சி வந்த நாளிலிருந்து வழக்காறு அறுபடவில்லை என்று காட்ட வேண்டும். தனியாருக்கு முழு உரிமையாகக் கொடுத்த நிலத்தில் கேட்கவே முடியாது. யோர்ட்டா யோர்ட்டா என்ற பழங்குடி மக்கள் 1881இல் நிலம் கேட்டு எழுதிய மனுவையே, அவர்கள் மரபை விட்டுவிட்டதற்குச் சான்றாக விசாரணை நீதிபதி எடுத்தார். 2002இல் உயர் நீதிமன்றத்திலும் தோல்வி. விரட்டப்பட்டவனிடம் போய், ஏன் அங்கேயே இருக்கவில்லை என்று கேட்கும் சட்டம் இது.

பீலிக்கரை:
அந்த வாதத்தை அப்படியே நாம் எடுக்கக் கூடாது. 1840இன் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் முடிக்குரியதாக்கியபோது இந்த மலைகளில் நிலம் இழந்தவர்கள் கண்டிக் கிராமத்துச் சிங்களவர்கள். நம்மவர்கள் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அனங்கு மக்களோடு ஒப்பிடவேண்டியவர்கள் தம்பானை வேடர்கள். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா வந்தபோது வேட்டைக்காட்டை இழந்தார்கள். நம் நியாயம் தலைமுறைகளின் உழைப்பு, குடியிருப்பு, 1948இல் பறித்த குடியுரிமை.

எடுக்கவேண்டியது, எந்தத் தலத்துக்கு யார் பொறுப்பு என்று காட்டும் அவுஸ்திரேலியப் பழங்குடிகளின் பதிவு வேலையை. ஏழு பேர்ச் என்பது சுமார் 177 சதுர மீட்டர். வீட்டை மட்டும் அளந்தால் மாரியம்மன் கோயில், தொழிற்சாலை இயந்திரத்துக்குரிய ரோதை முனி, தேயிலைக் கவ்வாத்துக்குரிய சாமி கல், புதைகாடு, தண்ணீர் எடுக்கும் பீலிக்கரை எல்லாம் தோட்டக் கம்பனியின் குத்தகை நிலத்திலேயே நின்றுவிடும். நில அளவையாளர் வருமுன் தேயிலை மலையின் இலக்கம், போகும் பாதை, திருவிழா மாதம், பூசை செய்யும் குடும்பங்கள் எல்லாவற்றையும் எழுதி, பெரியவர்களிடம் ஒப்பம் வாங்குங்கள். பாதையைக் குறிக்க மறப்பதுதான் வழக்கமான பிழை. கோயில் மிஞ்சும், போக வழி இருக்காது.

ஹட்டன் வாசகர்:
நன்றி. நல்லிணக்கம் பற்றி என்ன சொல்ல?

காணிச்சட்டம்:
2008 பெப்ரவரி 13 அன்று, பழங்குடிக் குடும்பங்களிடமிருந்து பறித்தெடுக்கப்பட்ட பிள்ளைகளிடம் அப்போதைய அவுஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நட்டஈடு அதோடு வரவில்லை. 2023 ஒக்டோபர் 14 அன்று, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் முதற்குடிகளின் அவையை அரசியலமைப்பில் சேர்க்கும் வாக்கெடுப்பு ஆறு மாநிலங்களிலும் தோற்றது. மாணவர்கள் இரண்டு திகதியையும் சேர்த்தே சொல்லட்டும்.