புதுப்பிப்பு: "எனக்கு மட்டும் ஒன்னுமே வரலையே அம்மா" என்று கேட்ட என் மகள்

போன டிசம்பரில் எழுதியிருந்தேன். என் ஒன்பது வயது மகளின் தோழிகளில் ஒருத்தி பாடுகிறாள், ஒருத்தி சதுரங்கத்தில் கோப்பை வாங்குகிறாள், இன்னொருத்தி நீச்சலில் மீன். இவள் மட்டும் இரவில் அழுதாள். ஏதாவது வகுப்பில் சேர்க்கச் சொல்லிப் பலரும் அன்பாக எழுதியிருந்தீர்கள். சேர்க்கவில்லை.

பொங்கல் விடுமுறையில் நால்வரும் எங்கள் மொட்டை மாடியில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காகத்தான். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி, பறவைகளைப் பதிவு செய்யும் இபேர்டு (eBird) என்ற இணையதளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான்.

மற்ற மூவரும் தொலைநோக்கிக்குச் சண்டை போட, இவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. "டுக் டுக்னு கேக்குது பார், குக்குறுவான்" என்று அரசமரத்தைக் காட்டினாள். எனக்கு இலைதான் தெரிந்தது. பச்சை இலைக்குள் பச்சைப் பறவை! ஐந்து நிமிடம் தேடிய பிறகுதான் அதன் சிவப்பு நெற்றி தெரிந்தது. அப்புறம் "ஊப் ஊப்" என்று அடித்தொண்டையில் ஒரு குரல். "செம்போத்து" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். தினமும் பள்ளி வேனுக்குக் காத்திருக்கும்போது கேட்டுக் கேட்டே பழகியிருக்கிறாள். எனக்கு இது தெரியாமலே போயிருக்கிறது என்பதுதான் வருத்தம்.

பாடுகிற தோழி, "எனக்கு எல்லாமே கீச்சுகீச்சுனுதான் கேக்குது, எனக்கும் சொல்லிக் குடுடி" என்றாள். இப்போது சனிக்கிழமை தோறும் காலை ஆறு மணிக்கு நால்வரும் மாடியில்.