மோட்டார் எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது? அளந்து பார்த்த அனுபவங்கள்

பொள்ளாச்சி, தென்னந்தோப்பு:
ஆழ்துளைக் கிணற்றில் 5 குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார் இறக்கியபோது, நிமிடத்துக்கு 250 லிட்டர் வரும் என்றார் கடைக்காரர். 200 லிட்டர் பேரலைக் குழாய் வாயில் வைத்து நேரம் பார்த்தோம். மோட்டார் போட்ட சூட்டில் 50 விநாடியில் நிரம்பிவிட்டது. “சொன்ன அளவு வருகிறதே” என்று அப்பா கிளம்பிவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடியும் பிடித்தேன்: 75 விநாடி. அதாவது நிமிடத்துக்கு 160 லிட்டர்தான். உள்ளே நீர்மட்டம் இறங்க இறங்க, மோட்டார் கூடுதல் உயரத்துக்குத் தள்ள வேண்டியிருக்கிறது, வரத்து குறைகிறது. பாசனக் கணக்குக்கு உதவுவது இந்த இரண்டாவது அளவுதான். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் நீர் கட்ட ஏறக்குறைய 1,03,000 லிட்டர் வேண்டும். முதல் அளவை நம்பினால் ஏழு மணி நேரத்தில் முடியும் வேலை, உண்மையில் பதினொரு மணி நேரத்தை நெருங்குகிறது. மும்முனை மின்சாரத்துக்குக் காத்திருக்கும் விவசாயிக்கு அது ஒரு பகல் பொழுது.

கோபி, வாழைத் தோட்டம்:
அண்ணா சொல்வது சரி. ஆனால் பெரிய மோட்டாருக்குப் பேரல் ஒத்துவராது. தண்ணீர் நுரைத்துத் தளும்பும். எந்த நொடியில் விளிம்பைத் தொட்டது என்றே தெரியாது. நாங்கள் தொட்டியில் அளக்கிறோம். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். மட்டம் 10 சென்டிமீட்டர் ஏறினால் 600 லிட்டர். அதற்கு எத்தனை நிமிடம் ஆகிறதோ, அதால் வகுத்தால் போதும். வெளிப்போக்கு வால்வை மட்டும் இறுக மூடிவிடுங்கள்.

சென்னை, அடுக்குமாடிக் குடியிருப்பு:
எங்களுடையது 1 குதிரைத்திறன் மோட்டார். மொட்டைமாடித் தொட்டி 15 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட்; அதில் 40 சதவீதம் பயன்படுவதாக வைத்து, அதைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.81ஆலும் உயரத்தாலும் வகுத்தேன். விநாடிக்கு 2 லிட்டர் வர வேண்டும். தொட்டியில் அளந்தால் அதில் பாதிகூட ஏறவில்லை. மோட்டாரையே மாற்றிவிடலாம் என்றார்கள். நான் குழாயைத் தடம்பிடித்துப் போனேன். இரண்டாம் மாடியில், பழுது பார்த்த இடத்திலிருந்து மேலே முழுக்க, 2 அங்குலக் குழாய்க்குப் பதில் 1 அங்குலக் குழாய்! விட்டம் பாதியானால், அதே அளவு நீர் ஓட உராய்வு இழப்பு ஏறக்குறைய 32 மடங்காகும். குழாயை மாற்றினோம், பழைய மோட்டாரே இன்றும் ஓடுகிறது.