பழைய லேத்தில் தார் மாதிரி அப்பிய அழுக்கு: எதைப் போட்டுக் கழுவலாம்?

கடைசல்காரன்:
ஆறடி பெட் (சாடில் நகர்ந்து ஓடும் நீளமான இரும்புத் தளம்) உள்ள பழைய பெல்ட் டிரைவ் லேத், அதாவது கடைசல் இயந்திரம். பல வருஷம் ஓடாமல் நின்றது. ஆயிலும் வார்ப்பிரும்புத் தூளும் கலந்து சாடில் (பெட்டின் மேல் நகரும், வெட்டுளியைத் தாங்கும் பாகம்), ஏப்ரன் (அதன் முன்பக்கம் தொங்கும் பாகம்) முழுக்கத் தார் மாதிரி அப்பிக் கிடக்கிறது. பெட்டின் மேல் பழுப்பாக வார்னிஷ் அடித்தது போல ஒரு படலம், நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. ஒருவர் காஸ்டிக் சோடாவை வெந்நீரில் கலந்து ஊற்றச் சொல்கிறார், இன்னொருவர் பெட்ரோல் என்கிறார். பெயின்ட் உரியக்கூடாது. எது சரி?

ஆயில்கேன்:
இரண்டும் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து போய்ப் பக்கத்துக் கிரைண்டர் பொறியில் பற்றிக்கொள்ளும். காஸ்டிக் இரும்பை விட்டுவிடும், ஆனால் அலுமினிய நேம் பிளேட், டயல், துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்களை விடாது. நுரைத்துக் கருத்துப் போகும், பெயின்டும் கையோடு வரும்.

மெயினை ஆஃப் செய்து, மோட்டாரைப் பாலித்தீனால் மூடுங்கள். பெல்ட்டைக் கழற்றி வையுங்கள், எண்ணெய் பட்டால் ஊதிவிடும். முதலில் ஈரமே இல்லாமல், பழைய ஏடிஎம் கார்டாலோ மரச்சில்லாலோ வழித்தெடுங்கள். இதை அவசரப்பட்டு விட்டால், கரைந்த தூள் சாடிலுக்கு அடியில் இறங்கி உப்புத்தாள் வேலை செய்யும். அதற்குப் பிறகுதான் மண்ணெண்ணெய் அல்லது மினரல் டர்பன்டைன் (பெயின்ட் கரைக்கும் திரவம்). ஒரு லிட்டர், 2 அங்குல பெயின்ட் பிரஷ், கீழே ஒரு டிரே போதும். மண்ணெண்ணெய் 35 டிகிரிக்கு மேல் போனால் பற்றக்கூடியது, மே மாதம் தகர ஷெட்டுக்குள் அந்தச் சூடு சாதாரணம். கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பீடி வெளியே.

பழுப்புப் படலம் அழுக்கல்ல, காற்றுபட்டுக் கெட்டியான ஆயில். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அதன் மேல் பரப்பிப் பாலித்தீன் போர்த்தி ஒரு ராத்திரி விட்டால், காலையில் கார்டுக்கே வழிந்து வரும். வராத இடத்தில், பெயின்ட் இல்லாத உலோகத்தில் மட்டும், அசிட்டோன் தொட்ட துணி. பெட்டில் உப்புத்தாள் போடவே கூடாது.

மைக்ரான்:
ஸ்பிரே கிளீனர் வாங்கினால் டப்பாவைப் படியுங்கள். டெட்ராகுளோரோஎத்திலீன் போலக் குளோரின் உள்ளதாக இருந்தால் வெல்டிங் நடக்கும் ஷெட்டில் வேண்டாம். ஆர்க் வெளிச்சமும் சூடும் அதன் ஆவியைப் பாஸ்ஜீன் ஆக்கும், அது நுரையீரலைத் தாக்கும் விஷவாயு. கம்ப்ரஸர் காற்றும் அடிக்காதீர்கள், பிசிரைப் பேரிங்குக்குள் தள்ளும்.

கடைசல்காரன்:
இங்கே மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. டீசல் ஆகுமா? பெயின்ட் மேலுள்ள பிசுக்குக்குச் சோப்புத் தண்ணீர் போடலாமா?

ஆயில்கேன்:
டீசல் ஆகும், மெதுவாகக் கரைக்கும். எண்ணெய்ப் படலம் தங்கும். துருவுக்கு நல்லது, மறுபடி பெயின்ட் அடிப்பதாக இருந்தால் தொல்லை. சோப்பு: ஒரு லிட்டர் வெந்நீருக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் 2 ஸ்பூன். ஊற்றாமல், பிழிந்த துணியால் துடையுங்கள். பாலிஷான இரும்பில் தண்ணீர் தங்கினால் சீக்கிரமே செந்துரு பூக்கும், எனவே உடனே உலர்த்தி 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில் (பெட் போன்ற வழுக்குத் தளங்களுக்கான எண்ணெய்) தடவுங்கள்.

மைக்ரான்:
அம்மோனியா கலந்த கிளீனர் பித்தளைப் பாகங்களுக்கு ஆகாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். கைக்கு நைட்ரைல் கிளவுஸ், சாதா ரப்பர் மண்ணெண்ணெயில் இளகிவிடும். துடைத்த துணி மூடி போட்ட தகர டின்னுக்கு, கழிவு எண்ணெய் கேனுக்கு. சாக்கடையில் விட வேண்டாம்.

சாடிலின் இரு முனையிலும் உள்ள ஃபெல்ட் வைப்பரை (பெட்டைத் துடைத்துக்கொண்டே போகும் கம்பளிப் பட்டை) கழற்றிப் பாருங்கள். கல்லாகியிருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் அலசி ஆயிலில் ஊறப்போடுங்கள். மாட்டிய பின் பெட்டில் ஆயில் விட்டு, சாடிலைக் கையால் முழு நீளம் ஓட்டுங்கள். பின்னால் கருப்புக் கோடு விழும். அதைத் துடைத்து, மறுபடி ஆயில் விட்டு ஓட்டுங்கள். கோடு ஆயில் நிறத்துக்கு வரும் வரை மோட்டாரைப் போட வேண்டாம்.