எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிடலாமா?

கேள்வி: மேசைவாசி

அனைவருக்கும் வணக்கம். ஏழு ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் கணினி, சில வாரங்களாக வீடியோ எடிட்டிங் முடித்து ஏற்றுமதி செய்யும் நேரத்தில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அணைந்து, தானாகவே மீண்டும் துவங்குகிறது. தட்டச்சு, இணையம் போன்ற இலகுவான வேலைகளில் இந்தச் சிக்கல் வருவதே இல்லை. பிராசசரின் வெப்பநிலை 70 டிகிரியைத் தாண்டவில்லை. ராமையும் இரவு முழுவதும் சோதித்துப் பார்த்துவிட்டேன். எனவே கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான 450 வாட் எஸ்எம்பிஎஸ்தான் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, வேறொரு நிறுவனத்தின் 650 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன்.

பழையது, புதியது இரண்டுமே கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் வகை. கேபினெட்டின் பின்புறம் கேபிள்களை நேர்த்தியாகக் கட்டிவைக்க எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது என்பதால், அவற்றைக் கலைக்காமல் பெட்டியை மட்டும் மாற்றிவிடலாமா என்று பார்க்கிறேன். கனெக்டர்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. இன்னொரு ஐயமும் உண்டு. வேலை செய்யும்போது எர்த் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பிளக்கைச் சுவரிலேயே விட்டுவைக்க வேண்டும் என்கிறார் ஒருவர். உருவிவிட வேண்டும் என்கிறார் மற்றொருவர். எதைப் பின்பற்றுவது?

மறுமொழி: கம்பிக்காரன்

பழைய கேபிள் ஒன்றைக்கூடப் பயன்படுத்தாதீர்கள். மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றில் செருகும் முனைக்குத்தான் பொதுவான தரநிலை இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் பெட்டியில் செருகும் மறுமுனைக்கு அப்படி எதுவும் இல்லை. எந்தத் துளையில் 12 வோல்ட், எந்தத் துளையில் 5 வோல்ட், எது கிரவுண்டு என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்கு இடையிலும் இது மாறுவதுண்டு. பொருந்தாவிட்டால் தப்பித்துவிடலாம், வடிவம் கச்சிதமாகப் பொருந்தி, உள்ளே கம்பிகள் மட்டும் இடம் மாறியிருக்கும்போதுதான் 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போய்ச் சேருகிறது.

நீங்கள் நினைப்பதைப் போலவே நினைத்து, ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் பழைய சாட்டா கேபிளைப் புதிய பெட்டியில் செருகி, சுவிட்சைப் போட்ட அதே நொடியில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை இழந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். புகைகூட வரவில்லை, இரண்டும் அதன்பின் சுழலவே இல்லை.

மறுமொழி: பழைய போர்டு

கேபிள் பற்றி மேலே சொன்னதில் நான் சேர்க்க எதுவும் இல்லை. பிளக் பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

உருவிவிடுங்கள். கணினியை அணைத்திருந்தாலும், பிளக் சுவரில் இருந்து பின்புறச் சுவிட்சும் போட்டிருந்தால், மதர்போர்டுக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். வண்ணக் கம்பிகள் உள்ள எஸ்எம்பிஎஸ்களில் அது ஊதா நிறக் கம்பி. அந்த நிலையில் மதர்போர்டுக்கான முதன்மை இணைப்பான 24 பின் கனெக்டரைப் பிடுங்குவதும் செருகுவதும் கூடாது. எர்த் பற்றிச் சொன்னவரின் அக்கறை நிலை மின்சாரம் குறித்தது. ஆனால் பாகங்களைக் காப்பது உங்கள் உடலும் கேபினெட்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதுதான். வேலையைத் தொடங்கும் முன்பும் இடையிடையேயும் கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டால் அது நிறைவேறிவிடும். பிளக்கை எடுத்த பிறகு பவர் பட்டனைப் பத்து நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டில் சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது அணையும் வரை காத்திருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மின்விசிறியைத் துடைப்பதற்காகக்கூடப் பழைய எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரத்தைத் திருத்தியபின் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் தேங்குகிறது. ஆக்டிவ் பிஎஃப்சி என்ற திறன் திருத்தச் சுற்று உள்ளவற்றில் அது 380 வோல்ட்டை ஒட்டியிருக்கும். அதை வடித்துவிட ஒரு ரெசிஸ்டர் இருப்பது வழக்கம் என்றாலும், பழுதான பெட்டியில் அந்த ரெசிஸ்டரே பழுதாகியிருந்தால் வெளியிலிருந்து அதை அறிய வழியில்லை.

மாற்றும் வேலை எளிது. எல்லா இணைப்புகளையும் முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 24 பின் கனெக்டரின் பக்கவாட்டுக் கொக்கியை அழுத்தியபடி கனெக்டரையே பிடித்து இழுக்க வேண்டும். கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. பெட்டியைத் தாங்கும் நான்கு திருகுகளில் கடைசித் திருகைக் கழற்றும்போது, குறிப்பாக எஸ்எம்பிஎஸ் மேல்பகுதியில் இருக்கும் கேபினெட்டில், ஒரு கை பெட்டியைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். கீழ்ப்பகுதியில் பொருத்துவதாக இருந்து, அங்கே காற்றுத் துளைகளும் இருந்தால் விசிறி கீழ்நோக்கி இருக்கட்டும்.

அதிகம் குழம்பும் இடம் 8 பின் கனெக்டர். பிராசசருக்கு உரியதும் கிராபிக்ஸ் கார்டுக்கு உரியதும் தோற்றத்தில் நெருங்கியவை. முன்னதில் நான்கு 12 வோல்ட் கம்பிகளும் நான்கு கிரவுண்டும், பின்னதில் மூன்று 12 வோல்ட் கம்பிகளும் ஐந்து கிரவுண்டும் இருக்கும். இப்போது எல்லாக் கம்பிகளும் கறுப்பாகவே வருவதால், கனெக்டரில் பொறித்திருக்கும் எழுத்தைப் படித்துவிட்டுச் செருகுங்கள். இயல்பாக இறங்காததை அழுத்தி இறக்க வேண்டாம்.

மறுமொழி: அளவுகோல்

எல்லாம் சரி, ஆனால் பழுது எஸ்எம்பிஎஸ்ஸில்தான் என்பது இன்னும் உறுதியாகவில்லையே. பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு கிளிப்பால் இணைத்து விசிறி சுழல்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். சுமை ஏதும் இல்லாமல் அது துவங்குகிறது என்பதை மட்டுமே அந்தச் சோதனை காட்டும், உங்களுடையதோ சுமையில் வரும் பழுது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் தெரியும் கெர்னல்-பவர் 41 என்ற குறிப்பும் கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத்தான் சொல்கிறது, காரணத்தை அல்ல.

கழற்றுவதற்கு முன் ஓர் அளவு எடுத்துப் பாருங்கள். பயன்படுத்தாத மோலெக்ஸ் (பழைய வகை நான்கு பின்) கனெக்டர் ஒன்றில் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, வீடியோ ஏற்றுமதி ஓடும்போது கவனியுங்கள். மீட்டர் முனைகள் ஒன்றோடொன்று உரசிவிடக் கூடாது. தரநிலை அனுமதிப்பது 5 விழுக்காடு ஏற்ற இறக்கம், அதாவது 11.4 முதல் 12.6 வோல்ட் வரை. கண்சிமிட்டும் நேரத்தில் நிகழும் சரிவுகளை மல்டிமீட்டர் காட்டாது என்பதால், அளவு சரியாக இருந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது என்று பொருள் கொள்ள வேண்டாம். அளவு தாழ்ந்திருந்தால் மட்டும் ஐயத்துக்கு இடமில்லை. சுவரில் உள்ள சாக்கெட், எக்ஸ்டென்ஷன் பெட்டி ஆகியவற்றில் பிளக் ஆடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இவ்வளவு சிறிய காரணத்துக்காக எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியவர்கள் உண்டு.

மறுமொழி: மேசைவாசி

மூவருக்கும் நன்றி. சும்மா இருக்கும்போது 11.9 வோல்ட் காட்டிய மீட்டர், ஏற்றுமதி தொடங்கியதும் 11.2 வரை இறங்கியது. சிறிது நேரத்தில் கணினி அணைந்தது. அதன்பிறகே கழற்றினேன்.

கேபிள்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது உடல் சிலிர்த்துவிட்டது. 24 பின் கேபிளின் பெட்டிப் பக்க முனை இரண்டிலும் வெவ்வேறாக இருந்ததால் அது பொருந்தியிருக்காது. ஆனால் சாட்டா கேபிள்களின் முனைகள் இரண்டிலும் ஒரே வடிவம். பழையதைச் செருகியிருந்தால் சொடுக்கென்று உட்கார்ந்திருக்கும். மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்ததில் 12 வோல்ட் கம்பி இரண்டிலும் வெவ்வேறு துளைகளுக்குப் போகிறது.

புதியதைப் பொருத்தி முதன்முறை இயக்கியபோது விசிறிகள் சுழன்றன, திரையில் எதுவும் வரவில்லை. மதர்போர்டின் மேல் மூலையில் ஒளிந்திருந்த பிராசசர் கனெக்டரைச் செருக மறந்திருந்தேன். மீண்டும் பிளக்கை உருவி அதைச் செருகியதும் சரியாகிவிட்டது. முழுச் சுமையிலும் இப்போது 12.0 வோல்ட் நிற்கிறது. பழைய பெட்டியை மின்கழிவுக்குக் கொடுக்கப்போகிறேன். கேபிள்களை மட்டும் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி: கம்பிக்காரன்

வேண்டாம். பெட்டியோடு சேர்த்துக் கட்டி அனுப்பிவிடுங்கள். இழுப்பறையில் போட்டுவைத்தால், அது எந்தப் பெட்டியின் கேபிள் என்பது இரண்டு ஆண்டுகளில் உங்களுக்கே மறந்துபோயிருக்கும்.