"புரிந்ததா" என்றால் "சரிங்க" என்கிறார்கள்: புதிய செவிலியர்களுக்கு இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

அரூர்ச் செவிலியர்:

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். புதிதாகச் சேர்ந்துள்ள செவிலியர்களுக்கும் பயிற்சி மாணவிகளுக்கும் நோயாளியிடம் பேசும் முறையைப் பற்றி அரை நாள் வகுப்பு எடுக்கும்படி அடுத்த மாதத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். கனிவாகப் பேசுங்கள், பொறுமையாக இருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால், கனிவாகப் பேசியே நான் தவறு செய்திருக்கிறேன்.

சித்தேரி மலையிலிருந்து சர்க்கரை நோய்க்கு வந்த ஓர் அம்மாவிடம் கிளிமிபிரைடு மாத்திரையைக் கொடுத்து, காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒன்று என்று இரண்டு முறை சொன்னேன். "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டேன். "சரிங்க" என்றார். நான்கு நாள் கழித்து, உடம்பெல்லாம் வியர்த்து நினைவு தடுமாறிய நிலையில் அவரைத் தூக்கி வந்தார்கள். சர்க்கரை 48ஆக இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றித் தெளிந்த பிறகு அவர் சொன்னது: "நீங்க சொன்ன மாதிரிதானே சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டேன்." விடியற்காலை ஆறு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கூலி வேலைக்குப் போயிருக்கிறார், களி சாப்பிடுவதோ பதினொரு மணிக்கு. அவர் என் சொல்லை அப்படியே பின்பற்றியிருக்கிறார். இதை வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஓய்வுபெற்ற ஆசிரியை, கிருஷ்ணகிரி:

தங்கையே, உங்கள் வகுப்பின் முதல் பாடத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். இந்த நிகழ்வை மறைக்காமல், தவறு உங்களுடையது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூத்தவர் தன் தவறைச் சொல்லும் அறையில்தான் இளையவர்கள் வாய் திறப்பார்கள். நான் பாடம் நடத்திய காலத்தில் இதைச் செய்யத் தயங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"புரிந்ததா" என்ற கேள்வியையே விட்டுவிடச் சொல்லுங்கள். நம் பக்கத்து மக்கள் வெள்ளைச் சேலைக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் "இல்லை" என்று பதில் சொல்வதை மரியாதைக் குறைவாக நினைப்பவர்கள். அதற்குப் பதிலாக, "நான் ஒழுங்காகச் சொன்னேனா என்று பார்க்கத்தான் கேட்கிறேன்; வீட்டுக்குப் போனதும் மருமகள் கேட்டால் இந்த மாத்திரையை எப்படிப் போடணும் என்று சொல்வீர்கள்?" என்று கேட்கலாம். சோதிக்கப்படுவது தன் பேச்சு என்று செவிலியர் காட்டிக்கொண்டால் நோயாளி கூச்சப்படமாட்டார். ஆனால் அதற்கும் முன்பு, எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், முதலில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். நாளின் ஒழுங்கு தெரியாமல் மருந்தின் ஒழுங்கைச் சொல்ல முடியாது.

மாணவிகளை இருவர் இருவராக உட்காரவைத்து, உண்மையான மாத்திரை உறைகளையே கையில் கொடுங்கள். இன்சுலினுக்கு வந்தால், ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள மருந்துக்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு, 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு மூடி என்பதை நோயாளியாக நடிப்பவர் கையாலேயே எடுத்துக் காட்டட்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசுபவர்களுக்குத் துணைக்கு வந்த பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்வது மட்டும் வேண்டாம். தாயின் வெள்ளைப்படுதலைப் பற்றிப் பத்து வயதுப் பையன் எப்படிக் கேட்பான்?

சமூக மருத்துவத் துறை மருத்துவர்:

ஒரு திருத்தம்: அந்த மாத்திரையை நாளின் முதல் முழு உணவோடு ஒட்டி எடுக்கச் சொல்வதே முறை. "சாப்பாட்டுக்கு முன்" என்ற சொல்லை நாம் மருந்துக் கடையிலிருந்து கடன் வாங்கிவிட்டோம்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று வகுப்பில் ஒருவர் கட்டாயம் கேட்பார். 1984இல் அமெரிக்காவில் பெக்மனும் ஃபிராங்கலும் வெளியிட்ட ஆய்வில், 74 சந்திப்புகளில் 17இல் மட்டுமே நோயாளி தன் குறையைச் சொல்லி முடித்திருந்தார். மருத்துவர்கள் சராசரியாக 18 விநாடியில் குறுக்கிட்டிருந்தார்கள். 2002இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில் 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டபோது சராசரியாக 92 விநாடியில் முடித்துக்கொண்டார்கள். நூற்றில் 78 பேர் இரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை. நம் புறநோயாளிக் கூட்டம் அங்கே இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்த அம்மாவுக்குக் குளுக்கோஸ் ஏற்றிய நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

2019 முதல் மருத்துவப் படிப்பில் மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. என் மாணவர்கள் அதை வகுப்பில் கேட்கிறார்கள், தேர்வுக்குப் படிக்கிறார்கள், வார்டில் மறந்துவிடுகிறார்கள். மேலே இருப்பவர் அங்கே எப்படிப் பேசுகிறாரோ அதையே கற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் காரணம்.

உங்கள் வகுப்புக்கு ஒரு யோசனை: மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் ஒருவரை அழைத்து உட்காரவையுங்கள். 2021 ஆகஸ்டு 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. அலமாரியில் தீராமல் கிடக்கும் மாத்திரை அட்டைகளை நேரில் பார்ப்பவர் அவர்தான்; நாமெல்லாம் சீட்டை மட்டுமே பார்க்கிறோம்.

ஓசூர் வாசகர்:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். என் தந்தையை ஒரு மருத்துவமனையில் எட்டு நாள் வைத்திருந்தோம், பெயர் வேண்டாம். எட்டு நாளும் எல்லோரும் அவர் தலைக்கு மேலே என்னிடமே பேசினார்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். தமிழும் தெரியும், தெலுங்கில் சிந்திப்பார், அவ்வளவுதான். பயிற்சி மருத்துவர் ஒருவர் மட்டும் முக்காலியை இழுத்துப்போட்டு அவர் கண்மட்டத்தில் உட்கார்ந்து, "தாத்தா, உங்களுக்கு எது பயமா இருக்கு?" என்று கேட்டார். அறுவைச் சிகிச்சையை விட, மாந்தோப்புக்கு யார் தண்ணீர் விடுவார்கள் என்பதே அவருடைய பயம் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. முடிந்தால் வகுப்பில் முக்காலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரூர்ச் செவிலியர்:

மூவருக்கும் நன்றி. விரிவுரையை அரை மணி நேரமாகக் குறைத்துவிட்டேன். மற்ற நேரம் முழுவதும் உறை, சிரிஞ்சு, முக்காலிதான். தன்னார்வலர் அக்கா ஒருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். டாக்டருக்கு ஒரு கேள்வி: உறையில் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரைகிறோம் அல்லவா, கிளிமிபிரைடு உறையில் மட்டும் சூரியனை விட்டுவிட்டுக் களி உருண்டையை வரைந்தால் மருத்துவ முறைப்படி தடை ஏதும் உண்டா?